ஹக்கீமின் பாகுச் சட்டி: எட்டு நாள் குறிப்புகள்

முதல் நாள் – பழைய தில்லி, காரி பாவ்லி

சாந்தினி சௌக் முடிகிற இடத்தில் ஃபதேபூரி மசூதி. அதைத் தாண்டினால் காரி பாவ்லி. மிளகாய் வற்றல் நெடியில் தும்மாமல் இந்தத் தெருவைக் கடந்தவர் இருக்க முடியாது. மசாலா மூட்டைகளுக்கு இடையிடையே யுனானிச் சரக்கு விற்கும் கடைகள். பயணத்தை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. மருந்து கெடுவது பெரும்பாலும் அடுப்பில் இல்லை, சரக்கு வாங்கும் இடத்தில்.

யுனானி என்ற மருத்துவ முறையின் பெயருக்குக் கிரேக்கத்தைச் சேர்ந்தது என்று பொருள். கிரேக்க மருத்துவர்களான ஹிப்போக்ரட்டிஸ், காலன் (Galen) ஆகியோரின் நூல்கள் பாக்தாதில் அரபியாயின. சரக சுஸ்ருத மரபும் அதே காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. அலீ இப்னு ரப்பான் அல்-தபரீ 850 வாக்கில் முடித்த ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’ என்ற மருத்துவ நூலின் கடைசிப் பகுதி முழுக்க இந்திய மருத்துவம்தான். ஆகவே தில்லி சுல்தான்கள் காலத்தில் யுனானி மருத்துவர்களான ஹக்கீம்கள் இங்கே வந்தபோது, நாடி பார்ப்பதும் உடலின் சூடு குளிர்ச்சி பார்ப்பதும் உள்ளூர் வைத்தியருக்குப் புதுசில்லை. அப்படியானால் அவர்கள் உண்மையில் என்ன கொண்டுவந்தார்கள்? எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம்: மருந்தைச் சர்க்கரைப் பாகில் கட்டி வைக்கும் வித்தை, வாலை என்ற வடிகலத்தில் வடிக்கும் வித்தை, எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி வைத்த அளவேடு. கொள்கையை விட மருந்துக்கூடமே அதிகம் மாறியது.

இன்று பார்த்த சரக்குகளில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

காவ்ஸபான். பாரசீகத்தில் ‘மாட்டு நாக்கு’ என்று பொருள்; இலை அப்படிச் சொரசொரப்பாக இருக்கும். ஈரானில் இந்தப் பெயரில் விற்பது எக்கியம் பூ. ஐரோப்பிய நூல்கள் சொல்வது போராகோ. இந்தியச் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஓனோஸ்மா இலை. ஒரே பெயர், மூன்று செடி. அறிஞர் அல்-பிரூனீ தன் கடைசிக் காலத்தில் எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’வில் ஒவ்வொரு சரக்குக்கும் அரபி, பாரசீகம், கிரேக்கம், இந்திய மொழிப் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தது இந்தத் தொல்லைக்காகத்தான். ஆயிரம் ஆண்டு ஆகியும் தொல்லை தீரவில்லை.

ரூமி மஸ்தகி. கிரேக்கத் தீவான கியோஸிலிருந்து வரும் பிசின். மணி மணியாக, இளமஞ்சளாக இருக்க வேண்டும். வாயில் போட்டு மென்றால் முதலில் பொடிந்து, பிறகு மெழுகு போல ஒன்றுசேரும். கலப்படப் பிசின் பொடிந்தே போய்விடும், அல்லது பல்லில் ஒட்டும்.

குங்குமப்பூ. வெந்நீரில் போட்டதும் தண்ணீர் சட்டென்று சிவந்து, இழை வெளிறிப் போனால் அது சாயம். நல்ல பூ மெதுவாக மஞ்சளை விடும். கால் மணி நேரம் கழித்தும் இழை சிவப்பாகவே இருக்கும்.

கலப்படம் பார்ப்பது அந்தக் கால அரபு நகரங்களில் ஓர் அரசுப் பணி. முஹ்தஸிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளர் மருந்துக் கடைகளைச் சோதிப்பார். 12-ஆம் நூற்றாண்டில் அல்-ஷைஸரீ அவர்களுக்காக எழுதிய கையேட்டில் எந்தச் சரக்கில் எதைக் கலக்கிறார்கள் என்று அக்குவேறு ஆணிவேறாக இருக்கிறது. புளியில் பிளம் பழச் சதையைச் சேர்ப்பதும் அதில் உண்டு. புளிக்கு அரபியில் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை. நம் சரக்கு அங்கே கலப்படம் செய்யத் தக்க விலைக்குப் போயிருக்கிறது!

இரண்டாம் நாள் – பல்லிமாறான், கரோல் பாக்

பல்லிமாறான் இன்று செருப்புக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பேர்போன சந்து. ஷரீஃபி ஹக்கீம் குடும்பத்தின் ஷரீஃப் மன்ஸில் இங்கேதான் இருக்கிறது. ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927) அந்த வீட்டுக்காரர். பரம்பரை வைத்தியம் குடும்ப ரகசியமாகவே இருந்தால் அழிந்துபோகும் என்று புரிந்துகொண்டவர். பம்பாய் மாகாணம் 1912-இல் கொண்டுவந்த மருத்துவப் பதிவுச் சட்டம் ஹக்கீமையும் வைத்தியரையும் வெளியே நிறுத்தியது. இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது அஜ்மல் கானின் வேலை.

கரோல் பாகில் அவர் எழுப்பிய கல்லூரியின் பெயரே ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரி. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் 1916 மார்ச் 29-இல் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13-இல் திறந்து வைத்தவர் காந்தி. இடைப்பட்ட ஐந்தாண்டில் நாட்டு அரசியல் எவ்வளவு திரும்பியிருந்தது என்பதற்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

இங்கே நடந்த ஆராய்ச்சியில் ஒன்று உலகம் அறிந்தது. சலீமுஸ்ஸமான் சித்தீகி சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-இல் ஓர் ஆல்கலாய்டைப் பிரித்து, அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறியும் சோதனையில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஹக்கீம்கள் அந்த வேரை மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்து வந்தார்கள். ஒரே வேருக்குள் பல ஆல்கலாய்டுகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை.

திரும்பும் வழியில் ஹௌஸ் காஜி. 1906-இல் ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் ஹம்தர்த் மருந்துக்கடையைத் தொடங்கிய பகுதி. ரூஹ் அஃப்ஸா சர்பத் அங்கே பிறந்தது. குளிர்பானம் என்று நாம் நினைப்பது யுனானி ஏட்டின்படி ஒரு மருந்து வடிவம். ‘ஷராப்’ என்ற அரபிச் சொல்லுக்குக் குடிப்பது என்று பொருள். சர்பத் அதே வேரிலிருந்து வந்த சொல்.

மூன்றாம் நாள் – ரயிலில்

ஐதராபாத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும். எழுத அதிகமில்லை. பின்னால் வரப்போகும் நாள்களுக்கு வேண்டிய சொற்களை மட்டும் குறித்து வைக்கிறோம்.

அக்லாத் என்பவை உடலின் நீர்மங்கள், நான்கு: தம் (ரத்தம்), பல்கம் (சளி), ஸஃப்ரா (மஞ்சள் பித்தம்), ஸௌதா (கரும்பித்தம்). நம் முத்தாதுவோடு (வாதம், பித்தம், கபம்) ஒன்றுக்கு ஒன்று பொருத்தப் பார்ப்பவர்கள் ரத்தத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். அங்கே அது தனித் தாது. நம் கணக்கில் ஏழு உடற்கட்டுகளில் ஒன்று.

மிஸாஜ் என்பது உடலின் தன்மை. சரக்குகளுக்கும் அது உண்டு. சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம் ஒவ்வொன்றும் நான்கு படிகளில். முதல் படி உணவுக்குப் பக்கம், நான்காம் படி விஷத்துக்குப் பக்கம். மிளகு கொடுக்கும்போதும் அபின் கொடுக்கும்போதும் ஹக்கீமின் கை எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை இந்தப் படி சொல்லிவிடும்.

முஸ்லிஹ் என்பது ஒரு சரக்கின் தீங்கைத் திருத்தும் துணைச்சரக்கு. பத்ரகா என்பது நம் அனுபானம், மருந்தோடு துணையாகக் கொடுக்கும் தேன், பால் போன்றது. பதல் என்பது மாற்றுச்சரக்கு. இந்த மூன்றும் தெரியாமல் சூத்திரத்தை மட்டும் படித்து மருந்து செய்பவர் கட்டாயம் தவறுவார்.

நான்காம் நாள் – ஐதராபாத், தாருஷ்ஷிஃபா

முஹம்மது குலி குதுப் ஷா ஐதராபாத்தை நிறுவிய கையோடு 1595-இல் கட்டி முடித்த மருத்துவமனை. நடுவில் முற்றம், நான்கு புறமும் இரண்டு அடுக்கு அறைகள், எதிரே மசூதி. சத்திரத்தைப் போன்ற அமைப்பு. நோயாளி தங்கும் இடம், மாணவர் படிக்கும் இடம், மருந்து செய்யும் இடம் எல்லாம் ஒரே வளாகம். இன்று அது மருத்துவமனையாக இல்லை. பேட்டைக்குப் பெயராக மிஞ்சியிருக்கிறது.

இந்த அமைப்பு நேராக பீமாரிஸ்தான் என்ற அரபு மருத்துவமனையின் வழி. பாக்தாதில் அளுதீ மருத்துவமனை 10-ஆம் நூற்றாண்டின் இறுதி. டமாஸ்கஸில் நூரீ, 1154. கெய்ரோவில் மன்சூரீ, 1284. மூன்றிலும் மருந்துக்கூடம் தனிப் பிரிவு, அதற்கென்று பொறுப்பாளர். மருத்துவர் எழுதிக் கொடுப்பார், சைதலானீ என்ற மருந்தாளர் செய்து கொடுப்பார். நம் நாட்டு வைத்தியத்தில் வைத்தியரே பச்சிலை பறித்து, அவரே அரைத்து, அவரே கொடுத்தார். வேலை இரண்டாகப் பிரிந்ததும் அளவேடு தேவைப்பட்டது. ஏட்டில் அளவு இல்லாவிட்டால் இன்னொருவர் எப்படிச் செய்வார்? 869-இல் இறந்த ஸாபூர் இப்னு ஸஹ்லின் ‘அக்ராபாதீன்’ அப்படி மருத்துவமனைகளில் புழங்கிய தொகுப்பு. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அளுதீ மருத்துவமனையில் இப்னுத் தில்மீதின் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்தது. இந்தியாவில் முகலாயர் காலத்தில் அக்பர் அர்சானி எழுதிய ‘கராபாதீனே காதிரி’ அந்த வரிசையில் வருகிறது. இன்று அரசு வெளியிடும் தேசிய யுனானி மருந்துத் தொகுப்பைக் கடைசிக் கண்ணி என்று வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் சார்மினாரை ஒட்டிய நிஜாமியா பொது மருத்துவமனை. கடைசி நிஜாம் உஸ்மான் அலி கான் காலத்துக் கட்டடம். கல்லூரியும் சேர்ந்தது. புறநோயாளிப் பகுதியில் ஒரு காட்சி வழக்கமானது: மணிக்கட்டில் நான்கு விரலை வைத்து நாடி பார்க்கும் மருத்துவர், பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனைச் சீட்டு. நப்ள் என்ற நாடியில் பத்து விதமான தன்மைகளைப் பார்க்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. நீளம், அகலம், உயரம், தாக்கும் வலு, வேகம், இடைவெளி, குழாயின் மென்மை, நிறைவு, சூடு, ஒழுங்கு, லயம் என்று போகும் அதில் சிலவற்றைச் சேர்த்தும் பிரித்தும் எண்ணுவார்கள்.

நகரத்துப் பெட்டிக்கடை தோறும் தொங்கும் ஸிந்தா திலிஸ்மாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1920-இல் ஒரு ஹக்கீம் தொடங்கியது. யூக்கலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு. சிவப்பு நிறத்துக்கு ரத்தன்ஜோத் வேர். யூக்கலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம், பழைய மருத்துவ மேதை இப்னு ஸீனா கண்ணால் கண்டதில்லை. யுனானி என்றால் பழைய ஏட்டில் உள்ளது மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் குப்பியை முகர்ந்து பார்க்கலாம்.

ஐந்தாம் நாள் – பழைய நகரத்தில் ஒரு மருந்துக்கூடம்

இன்றைக்குத்தான் காத்திருந்தோம். காலை முதல் மாலை வரை அடுப்படி.

முதலில் பாத்திரம். செம்புச் சட்டிக்குக் கலாய் பூசியிருக்க வேண்டும். நாம் சொல்லும் கலாய் அரபியின் ‘கலயீ’தான், வெள்ளீயப் பூச்சு. பூச்சு தேய்ந்த செம்பில் காடி சேர்ந்த மருந்தைக் காய்ச்சினால் களிம்பு இறங்கி விஷமாகும். இரும்புச் சட்டியில் கடுக்காய், நெல்லிக்காய் சேர்ந்த எதையும் வைக்கக்கூடாது. துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மையாகக் கறுத்துவிடும். இப்போது பலர் எவர்சில்வருக்கு மாறிவிட்டார்கள். அடி கனமாக இருந்தால் குற்றமில்லை.

அடுத்தது பாகு. அரபியில் கிவாம். உருதுவில் ‘தார்’ எண்ணுவார்கள். நம் மிட்டாய்க் கடையில் ‘கம்பி’ எண்ணுகிறோம். சர்பத்துக்கு ஒரு கம்பிப் பதம். லேகியம் போன்ற மஃஜூனுக்கும் இத்ரீஃபலுக்கும் இரண்டு, மூன்று கம்பி. ஏன் இவ்வளவு கறார் என்றால், சர்க்கரை எடைக்கு எடை மூன்றில் இரண்டு பங்கு (சுமார் 66 சதவீதம்) இருந்தால்தான் சர்பத் தானே கெடாமல் நிற்கும். குறைந்தால் பத்து நாளில் நுரைத்துப் புளிக்கும். கூடினால் குப்பியின் அடியில் கல்கண்டு விழும். கல்கண்டு விழுந்த பிறகு மேலே நிற்கும் பாகு நீர்த்துப்போவதால் அதுவும் புளிக்கும். கல்கண்டு தட்டாமலிருக்கக் கொதி வரும்போது எலுமிச்சைச் சாறோ எலுமிச்சை உப்போ சேர்ப்பார்கள். புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். உடைந்த சர்க்கரை கலந்த பாகு எளிதில் படிகமாகாது.

தேன் சேர்ப்பதானால் முதலில் காய்ச்சி நுரையை எடுக்க வேண்டும். மெழுகும் அழுக்கும் நுரையோடு போகும்; தண்ணீர்ச் சத்தும் குறையும். பச்சைத் தேனை அப்படியே ஊற்றிய மஃஜூன் மேலே பூஞ்சை பிடித்ததைக் காட்டினார்கள்.

இன்று செய்தது இத்ரீஃபல் ஸகீர். இத்ரீஃபல் என்பது திரிபலா என்ற நம் சொல் பாரசீக, அரபு வாயில் உருண்டு திரும்பி வந்தது. கூட்டு: காபூல் கடுக்காய்த் தோல், மஞ்சள் கடுக்காய்த் தோல், கருங்கடுக்காய் (முற்றாத பிஞ்சு), தான்றித் தோல், நெல்லிமுள்ளி. ஒவ்வொன்றும் 100 கிராம். கொட்டை நீக்கிய பிறகு நிறுக்க வேண்டும். நிறுத்துவிட்டுக் கொட்டை நீக்கினால் கணக்கு எங்கோ போய்விடும். தனித்தனியே இடித்து, மெல்லிய துணியில் சலித்து (நம்மூர் வஸ்திரகாயம்), பிறகு சேர்ப்பது. ஒன்றாக இடித்தால் மெதுவானது தூளாகிப் பறக்கும், கடினமானது கொரகொரப்பாக நிற்கும்.

அப்புறம் வருவதுதான் இத்ரீஃபலின் உயிர். பாதாம் எண்ணெயை ஊற்றித் தூளை உள்ளங்கையால் பிசறுவார்கள். தூளை நெகிழ வைக்க வேண்டும், நனைக்கக் கூடாது. உள்ளங்கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதைத் தவிர்த்தால் இரண்டு மாதத்தில் இத்ரீஃபல் தார் போல இறுகி, கரண்டி இறங்காது. கடுக்காயின் வறட்சியையும் வயிற்றைப் பிடிக்கும் துவர்ப்பையும் எண்ணெய் தணிக்கிறது என்பது ஏட்டுக் காரணம். துவர்ப்புச் சத்து தண்ணீரை உறிஞ்சி ஊறாதபடி எண்ணெய்ப் பூச்சு தடுக்கிறது என்பது நாம் சொல்லக்கூடிய காரணம்.

தூள் 500 கிராமுக்குச் சர்க்கரை 1,500 கிராம். பாகு பதம் வந்ததும் சட்டியை இறக்கி, கொதிப்பு அடங்கிய பிறகு தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். அடுப்பிலேயே கொட்டினால் கட்டி தட்டும், எண்ணெயும் பிரியும். முழுக்க ஆறவிட்டால் பாகு இறுகித் தூளை ஏற்காது. ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், சொட்டிய இடத்தில் பூஞ்சை ஆரம்பிக்கும். இரவில் 5 முதல் 10 கிராம் வரை வெந்நீரோடு சாப்பிடுவது வழக்கம்.

மதியம் கமீரா காவ்ஸபான். கமீரா என்பது பாகை அடித்து வெளுக்க வைக்கும் மருந்து வடிவம். பட்டுக்கூட்டைக் கத்தரித்துப் புழுவை எறிந்துவிட்டு, காவ்ஸபான் இலை, பூ, கொத்துமல்லி, சந்தனத்தூள் முதலியவற்றோடு இரவே ஊறப்போட்டிருந்தார்கள். காலையில் மூன்றில் ஒரு பங்காக வற்றவைத்து, கசக்காமல் வடித்து, அந்தக் கஷாயத்தில் சர்க்கரைப் பாகு. கசக்கிப் பிழிந்தால் சளி போன்ற வழுவழுப்பு இறங்கும், கமீரா வெளுக்காது. பாகு இறங்கியதும் மர மத்தால் அடிக்கிறார்கள். அரை மணி, முக்கால் மணி. கறுத்த பாகு காற்றை வாங்கிப் பழுப்பாகி, பால் நிறத்துக்கு வந்து, எடை குறைந்தது போலத் தோன்றும். நடுவில் கை ஓய்ந்தால் ஓரத்தில் சர்க்கரை கட்டிவிடும். கடைசியில் வெள்ளி இலை. குங்குமப்பூ சேரும் வகை என்றால் பன்னீரில் உரைத்து, நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டில் சேர்த்தால் மணம் மேலே போகும், காசு கீழே போகும்.

மஸ்தகியை இடிக்கும் விதம் தனி. கல்வத்தில் ஓங்கி இடித்தால் உராய்வுச் சூட்டில் பிசின் இளகிக் குழவியில் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் கல்வத்தில், குளிர்ந்த நேரத்தில், கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து, அழுத்தாமல் வட்டமாக உருட்ட வேண்டும்.

மாலையில் அரக் வடித்தார்கள். சாராயம் என்று நினைக்க வேண்டாம். நம் சித்தர் ஏட்டுத் தீநீர்தான், ஓமத் தீநீர் போல. அரபியில் வாலைக்கு அல்-அன்பீக். பெருஞ்சீரகம் 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், இரவு ஊறல், சிறு தீ. 6 லிட்டர் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் வருவது மணமற்ற நீர், அடியில் தீயும் வாடையும் சேரும். குளிர்விக்கும் நீர் சூடாகிவிட்டால் ஆவி தண்ணீராகாமல் வெளியே போகும். மாற்றிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்வதையும் பார்த்தோம். ஏழு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றி, தோலையும் உள்முளையையும் எடுத்துவிட்டு, துணியில் கட்டிப் பாலில் வேகவைப்பது. பாலைப் புதைத்துவிட வேண்டும், நாய் நக்கினாலும் சாகும். செய்முறையை இதற்கு மேல் எழுதவில்லை. வீட்டில் யாரும் முயல வேண்டாம். சுத்தி சரியாக ஆயிற்றா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

ஆறாம் நாள் – ஐதராபாத், எர்ரகட்டா

தேசிய யுனானி தோல் நோய் ஆராய்ச்சி நிறுவனம். வெண்புள்ளிக்கு (பரஸ்) நாடெங்கும் இருந்து வருகிறார்கள். இங்கே கதாநாயகன் பாப்சி விதை, நம் கடைகளில் கார்போகரிசி.

13-ஆம் நூற்றாண்டில் மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் ‘இத்ரீலால்’ என்ற செடியின் விதையைக் கொடுத்து, நோயாளியை வெயிலில் உட்காரவைக்கச் சொன்னார். 1940-களில் எகிப்திய மருத்துவர் அப்துல் மொனைம் அல்-முஃப்தி அதே செடியிலிருந்து பிரித்த மெத்தாக்ஸி சோராலெனை வைத்து இன்றைய புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு வழி திறந்தார். இந்தியாவில் அதே குடும்பச் சத்து கார்போகரிசியில். சோராலென் தோலின் செல்களில் போய் உட்கார்ந்திருக்கும். வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால்தான் வேலை தொடங்கும். விதை மட்டும் போதாது, வெயில் மட்டும் போதாது.

தவறு நடப்பது வெயில் கணக்கில். பூச்சு போட்ட இடத்தை முதல் நாளில் ஓரிரு நிமிடம்தான் இளவெயிலில் காட்ட வேண்டும். சிவப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்து மெல்லக் கூட்டுவது. ‘சீக்கிரம் மாறட்டும்’ என்று அரை மணி நேரம் உச்சி வெயிலில் நிற்பவர்களுக்குத் தீப்பட்டது போலக் கொப்புளம். பூச்சைக் கழுவாமல் வேலைக்குப் போனாலும் அதே கதி. விதையை உள்ளுக்குச் சாப்பிடுவதில் கல்லீரல் பாதிப்பு நேர்ந்த பதிவுகள் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடக்கூடாது. உதடு, விரல் நுனிப் புள்ளிகள் எந்த முறையிலும் சுணங்கும், ஏனென்றால் அங்கே நிறம் திரும்ப முடியின் வேர் இல்லை.

ஏழாம் நாள் – சென்னை, ராசப்ப செட்டி தெரு

பூங்கா நகரில் இந்தத் தெருவின் நாட்டு மருந்துக் கடைப் பட்டியலைச் சத்தமாகப் படித்தாலே பாதி வரலாறு. அக்கரகாரம்: அரபியில் ஆகிர்கர்ஹா, வட ஆப்பிரிக்க வேர். சாலாமிசிரி: ஸஃலப் மிஸ்ரி, எகிப்தின் பேர் ஒட்டிய ஆர்க்கிட் கிழங்கு. குராசானி ஓமம்: பெயர் மட்டுமே ஓமம், உண்மையில் மயக்கம் தரும் வேறு செடி, ஓமம் என்று நினைத்துக் கூட்டிவிட்டால் ஆபத்து. ரூமி மஸ்தகி. மாசிக்காய். இசப்கோல்: அஸ்பகோல், குதிரைக் காது என்று பாரசீகம். குல்கந்து. எல்லாம் இன்று சித்த வைத்தியர் எழுதும் சீட்டிலேயே வருகின்றன, யாரும் இதை யுனானி என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

1925-இல் அன்றைய மதராஸ் அரசு தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ். அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இப்போது அரும்பாக்கத்தில். மண்டல ஆராய்ச்சி நிலையம் ராயபுரத்தில். 1944-இல் உருவான இம்ப்காப்ஸ் கூட்டுறவு நிறுவனத்தில் மூன்று முறை மருந்துகளும் விற்பனைக்கு உண்டு. வாங்கும்போது புட்டியில் சரக்குப் பட்டியலும் தயாரித்த தேதியும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ்பம், அதாவது குஷ்தா, பெயர் தெரியாத இடத்தில் வாங்கவே வேண்டாம்.

எட்டாம் நாள் – சாத்தான்குளம், தூத்துக்குடி

தை மாதம். தேரிக்காட்டுச் செம்மண் ஓரத்தில் மஞ்சள் பூ. சன்னா மக்கி என்று அரபுலகம் சொல்லும் செடி. இந்தப் பக்கம் அவுரி என்பார்கள், கடையில் நிலாவரை. நீலச்சாயத்து அவுரி வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. தாயகம் அரேபியாவும் சோமாலியாவும். பேதிக்குக் கொடுப்பதை அரபு மருத்துவர்கள் எழுதிப் பரப்பினார்கள். அவர்கள் நூல் வழியே ஐரோப்பா கற்றது. உலக மருந்துத் தொகுப்புகளில் ‘அலெக்சாண்ட்ரியா’, ‘டின்னவெல்லி’ என்று இரண்டு வகை. இரண்டாவதன் பெயர் திருநெல்வேலி.

வடகிழக்குப் பருவமழைக்கு விதைப்பு, மானாவாரி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரே மழையில் வயல் போன கதை இங்கே எல்லோரிடமும் உண்டு. இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பறிப்பு, பிறகு ஒரு மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை. பூக்கத் தொடங்கும் முன் இலையில் சத்து அதிகம். பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை தழைக்கும். பறித்ததைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பழுத்துக் கறுத்துவிடும். வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, திருப்பிக்கொண்டே இருந்து, ஈரம் 8 சதவீதத்துக்குள் வந்ததும் சிப்பம். பச்சை மஞ்சள் நிறத்துக்குத்தான் தூத்துக்குடி வியாபாரியிடம் முதல் விலை. காம்பும் காயும் தனித்தனி ரகம்.

ஹக்கீமின் சீட்டில் சன்னா தனியே வராது. ரோஜா இதழ், சுக்கு, சோம்பு, கடுக்காய், ஏதாவது ஒன்று கூடவே இருக்கும். இலையின் பேதிச் சத்தான சென்னோசைடுகள் பெருங்குடல் வரை மாறாமல் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் உடைந்த பிறகுதான் குடலை அசைக்கும். அதனால் 6 முதல் 12 மணி நேரம் ஆகும், இரவில் சாப்பிடச் சொல்வது அதற்குத்தான். அசைக்கும்போது வயிற்றை முறுக்கும். முறுக்கைத் தணிக்க முஸ்லிஹ். காம்பை நீக்கச் சொல்வதும் முறுக்கலுக்குப் பயந்தே.

அளவு கணக்குப் போட்டால் இப்படி: நல்ல இலையில் சென்னோசைடு 2.5 சதவீதம் என்றால் 1 கிராம் தூளில் 25 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஓர் இரவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் போதும். அதாவது சுமார் ஒரு கிராமுக்கு மேல் போக அவசியமில்லை. ‘இலைதானே’ என்று ஒரு பெரிய கரண்டி போட்டுக் கொதிக்கவைப்பவர்கள் நான்கைந்து மடங்கு குடிக்கிறார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தினமும் எடுத்தால் பொட்டாசியம் இறங்கும். இதய மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது நேரடி ஆபத்து. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. குடலடைப்பு என்ற சந்தேகமோ காரணம் தெரியாத வயிற்றுவலியோ இருந்தால் எவரும் தொடக்கூடாது.

கிடங்கில் சிப்பங்களைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை காலை துறைமுகத்துக்கு.